ஆறு பேருக்கு ஒரு குப்பி

எங்கள் லயத்தில் மனிதர் வரிசையில் நிற்பதில்லை, வாளிதான் நிற்கும். பொதுக்குழாயில் தண்ணீர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடமும் வாளியும் எண்ணெய் டின்னும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் இடம் பிடித்துவிடும். உடையவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிய லயத்து வீடுகளுக்குள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நாலாவது வாளியை யாராவது மூன்றாவது இடத்துக்கு நகர்த்திவிட்டால், அந்தச் சண்டை அன்றைக்குக் கண்டியில் எங்கள் மஹய்யாவ முழுவதும் கேட்கும். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரம், என் வகுப்புக்காரர்கள் சோற்றுப் பார்சலுக்காக அரை மணி நேரம் கால் கடுக்க நின்றதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு படித்திருக்கிறார்கள், ஒரு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் உட்காரத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அதே பழக்கம்தான் பிறகு ஒரு நாள் என்னை ஒரு வரிசையின் கடைசிக்குத் தள்ளியது. தள்ளிவிட்டவர் என் அப்பா.

அது கொரோனாவின் இரண்டாவது வருஷம். பல்கலைக்கழகம் பூட்டிக் கிடந்தது. விஞ்ஞான பீடத்தில் மூன்றாம் வருஷ மாணவி என்று எனக்குப் பெயர். உண்மையில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கைபேசியில் விரிவுரை கேட்பவள். அப்பா முனிசிபல் தொழிலாளி. இருபத்தெட்டு வருஷமாகக் கண்டித் தெருக்களைக் கூட்டுகிறவர். அவர் கூட்டி முடித்த தெருவில் ஒரு வாழைப்பழத் தோல் விழுந்தால் போதும், யாரோ தன்னைத் திட்டியதுபோல முகம் வாடிவிடும். எதுவானாலும் கூட்டி அள்ளிவிடுவார், எழுத்துள்ள தாளைத் தவிர. அதை மட்டும் குனிந்து கையால் எடுத்து, தூசி தட்டி, பக்கத்தில் உள்ள மதில்மேல் வைத்து ஒரு கல்லையும் பாரமாக வைப்பார். "தேடி வருவாங்க" என்பார். சந்தைச் சாமான் எழுதிய துண்டை எவள் தேடி வரப்போகிறாள் என்று அம்மா கேட்பாள். அவர் சிரித்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார்.

கொரோனா வந்ததும் தனிமைப்படுத்திய வீடுகளில் குப்பை எடுக்கும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். அப்பா கை தூக்கினார். அன்று மாலை வேலை முடிந்து வந்தவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. வீட்டை ஒட்டி, விறகு போட்டுவைக்கத் தகரம் சாய்த்த ஒரு இடம் உண்டு. விறகை ஒரு பக்கம் ஒதுக்கி, பழைய கட்டிலைப் போட்டு, அங்கேயே இருந்துகொண்டார். "எனக்கு வந்தா நான் ஒருத்தன் படுப்பேன். உள்ளுக்குக் கொண்டாந்தா மூணு பேரும்ல படுக்கணும்" என்றார். நாங்கள் ஒரு மாதம் என்று நினைத்தோம். ஒரு வருஷம் தாண்டியது. தட்டில் சோற்றைப் போட்டு ஒரு முக்காலியில் வைத்துவிட்டு மூன்று அடி பின்னால் வர வேண்டும்; அவர் வந்து எடுத்துக்கொள்வார். கோயில் நாய்க்குக்கூட இவ்வளவு சட்டம் இல்லை என்று அம்மா புலம்புவாள்.

ஊசி வந்தபோது முனிசிபல்காரர்களுக்கு முதலில் போட்டார்கள். பிறகு அம்மாவின் வயதுக்காரர்களுக்குப் போட்டார்கள். அப்பா தன் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்: வீட்டில் எல்லாரும் ஒரு ஊசியாவது போட்டுவிட்டால் உள்ளே வந்து சாப்பிடுவார். எல்லாரும் என்றால் மூன்று பேர்தான். இரண்டு பேர் போட்டாயிற்று. மிச்சம் இருந்தது நான், அதாவது விஞ்ஞானம் படிக்கிறவள்.

அப்போது இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஊசி தொடங்கியிருந்தது. மாணவர்கள் பல்கலைக்கழக அட்டையைக் காட்டி, பக்கத்தில் எங்கே போட்டாலும் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஓடிப்போய்ப் போட்டு, கையைக் காட்டிப் படமும் அனுப்பினார்கள். மற்றப் பாதியில் நாங்கள் நாலு பேர் கைபேசியில் தனியாக ஒரு குழு வைத்திருந்தோம். அதற்கு 'பொறுத்திருந்து பார்ப்போம்' என்று பெயர் வைத்தது நான்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முகப்பில் வேறு எழுதிவைத்தேன். இப்போது நினைத்தாலும் காது சிவக்கிறது.

நாலு பேருக்கும் நாலு காரணம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து படிக்கிற என் தோழி, மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை வந்ததால் பேராதனை வீதியில் ஒரு வாடகை அறையில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். "ஊசியால காய்ச்சல் வந்தா ஆர் எனக்குக் கஞ்சி வைச்சுத் தாறது?" என்பதுதான் அவள் கேள்வி. அதற்கு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் பதில் இல்லை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி. அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை அவள் நம்பவில்லை, ஆனால் அவளுடைய உம்மா அரைவாசி நம்பினார். கலகெதரையில் மளிகைக்கடைக்காரர் மகன் ஒருவன். அவன் மேற்படிப்புக்கு அமெரிக்கா போகப் போகிறவன். ஆகவே அமெரிக்க ஊசி வரும்வரை காத்திருக்கிறான். பரீட்சையில் எங்களோடு சேர்ந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறவனுக்கு அமெரிக்கா எதற்குக் கதவைத் திறக்கப் போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. அவரவர் கனவு அவரவருக்கு.

என் காரணம் வாரத்துக்கு ஒன்று மாறும். ஒரு வாரம் பக்கவிளைவு. மறு வாரம், போதிய காலம் ஆராயவில்லை. அதற்கு அடுத்த வாரம், எனக்கு ஏற்கெனவே கொரோனா வந்து போயிருக்கலாம், யார் கண்டது. இதையெல்லாம் நான் மேசையில் கையை ஊன்றி அம்மாவுக்கு விளக்குவேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே, "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்பாள். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். பயந்தவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்ததால், படித்தவள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு வென்றிருப்பேன்.

ஆவணி மழை ஒன்று வந்தது. மத்தியானச் சோற்றை எடுத்துக்கொண்டு போனேன். தகரத்தில் ஓட்டை, கட்டிலில் பாதி நனைந்திருந்தது. அப்பா விறகுக் கட்டையில் உட்கார்ந்து, குடைக்கம்பைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார். குடை சரிந்த பக்கம் ஒரு சொட்டு பருப்பில் விழுந்தது.

"கொழம்பு கொஞ்சம் தண்ணியாயிருச்சு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரெல்லாம் சுத்தம் செய்கிற மனிதர், சொந்த வீட்டு வாசலில் குடை பிடித்துச் சாப்பிடுகிறார். அதற்குக் காரணம் நோய்கூட இல்லை, நான். அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என்மேலேயே வந்த கோபம் என்பதால் யாரிடமும் காட்டவும் முடியவில்லை.

மறுநாள் எங்கள் சனசமூக மண்டபத்தில் ஊசி போடுவார்கள் என்று அன்று பின்னேரம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் போவதென்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. இரண்டு மாதம் வாய் கிழியப் பேசியவள் எந்த முகத்தோடு சொல்வது? போட்டுவிட்டு வந்து அட்டையை மேசையில் வைத்தால் போதும் என்று நினைத்தேன்.

விடிந்தும் விடியாமலும் மண்டபத்துக்குப் போனேன். நான்தான் முதல் ஆள் என்ற நினைப்பு. போய்ப் பார்த்தால் வாசற்கதவிலிருந்து தெருவரை வரிசை நிற்கிறது. ஒரு மனிதர் இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் என்பதால் வாளிகளுக்கு அங்கே வேலை. இங்கே வீட்டில் உதவாத சாமான்களை அனுப்பியிருந்தார்கள். அரைச் செங்கல், பிடி உடைந்த தாச்சிச் சட்டி, சிரட்டை, கிழிந்த குடை, மண் நிரப்பிய போத்தல், ஒற்றைச் செருப்பு. பதினெட்டு எண்ணினேன். கையில் ஒன்றும் கொண்டுவராததால் வீட்டுக்கு ஓடி, அம்மா கண்ணில் படாமல், முதலாம் வருஷ இரசாயனவியல் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி எடுத்துவந்தேன். பத்தொன்பதாவதாக அதை வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பாடத்தில் நான் வாங்கிய புள்ளிக்கு, அந்தக் கொப்பி தெருவில் கிடப்பதில் தவறில்லை.

எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போனபோது தெரு பளபளவென்று இருந்தது. செங்கல் இல்லை, தாச்சி இல்லை, சிரட்டை இல்லை. ஒரு இலைகூட இல்லை. வாசற்கதவுக்குப் பக்கத்து மதிலில், கல் பாரத்தோடு, என் கொப்பி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. டாக்டர் வருவதற்கு முன்னால் மண்டப வாசலைச் சுத்தம் செய்யச் சொல்லி அப்பாவின் மேற்பார்வையாளர் அனுப்பியிருக்கிறார். குழாயடி வாளியை அப்பா உயிர் போனாலும் நகர்த்தமாட்டார். ஆனால் சிரட்டையும் தாச்சியும் இடம் பிடிக்கும் என்று அவருக்கு யார் சொன்னது? குப்பை என்று கூட்டி அள்ளிவிட்டார். எழுத்துள்ளதை மட்டும் தன் வழக்கப்படி மதிலில் ஏற்றி வைத்துவிட்டார். அது யாருடையது என்று அவர் பார்க்கக்கூட இல்லை.

கூடியிருந்தவர்களுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் "நான்தான் மொதல்ல" என்றார்கள். குழாயடியில் சட்டம் பேசுகிற அக்கா ஒருத்தி உண்டு. அவள் தொண்டையைத் திறந்தால் கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். அவள் மதிலில் இருந்த கொப்பியை எடுத்து, அட்டையில் இருந்த என் பெயரைப் படித்தாள்.

"இங்க பாருங்க! நம்ம சாமானெல்லாம் குப்பை, மக சாமான் மட்டும் மதில்மேல! அப்பன் கூட்டுனா மகதான் மொதல் ஆளா?"

யாரோ போய் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவர், கூட்டத்தையும் பார்த்தார், அக்கா கையில் இருந்த கொப்பியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் அங்கே ஏன் நிற்கிறேன் என்பது அவருக்குப் புரிய ஒரு நொடி எடுத்தது. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் சிரித்ததை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

பிறகு அவர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வண்டிக்குள் குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க. வாசக்கதவுலருந்து கீழே வரிசையாத்தான் அள்ளிக்கிட்டு வந்தேன். கடைசியா அள்ளுனது மேல இருக்கு. கடைசியிலருந்து வச்சுக்கிட்டு வாறேன்."

நகரத்துக் குப்பையை இருபத்தெட்டு வருஷம் அள்ளியவர், அன்று முதல் தடவையாகக் குப்பையை எடுத்துத் தெருவில் வைத்தார். மேலே இருந்த மண் போத்தல் பதினெட்டாவது. அதற்கு முன்னால் கிழிந்த குடை. அதற்கு முன்னால் சிரட்டை. ஒவ்வொன்றையும் தட்டி, நேர்கோட்டில், சாமி ஊர்வலத்துக்கு விளக்கு வைப்பதுபோல் வைத்துக்கொண்டு மேலே ஏறினார். வைக்க வைக்க உடையவர் போய் அதன் பின்னால் நின்றார். கூச்சல் அடங்கி, சிரிப்பு தொடங்கியது. ஊசி போட வந்த தாதி சன்னல் வழியாகக் கைபேசியில் படம் பிடித்தார். அக்காவின் ஒற்றைச் செருப்பு ஆறாவது இடத்தில் போய் உட்கார்ந்ததும் அவள் வாயும் மூடியது.

"இப்ப கொப்பி?" என்று யாரோ கேட்டார்கள்.

"பத்தொன்பது. நானே எண்ணினேன்" என்றேன்.

அப்பா அக்காவிடமிருந்து கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் கையால எடுத்தது. எங்க கெடந்ததுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. நீ எண்ணுனதுக்குச் சாட்சி இல்ல. தெரியாததுக்கு எடம் கடைசிதான், பாப்பா."

பத்தொன்பதாவது ஆளும் கடைசி ஆளும் ஒன்றில்லை. சாமான் வைக்காமல் எட்டு மணிக்கு மேல் வந்தவர்கள் எண்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் பின்னால் போய் நின்றேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். சொந்தப் பிள்ளைக்கு நியாயம் பேசத் தெரியாத அப்பா என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே நின்றேன். ஆனால் அந்தக் கண் சிரித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் ஆத்திரம் பாதியில் நின்றுவிடும்.

இரண்டு மணி ஆயிற்று. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டு, பஞ்சைக் கையில் அழுத்தியபடி போய்விட்டார்கள். நான் கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினேன். தாதி சிங்களம் பேசுகிறவர், தங்கையை நங்கி என்றும் தம்பியை மல்லி என்றும் அழைப்பவர். ஏழு மாதக் கர்ப்பிணி. வெறும் குப்பியைத் தூக்கிக் காட்டினார்.

"நங்கி, இது முடிஞ்சது. புதுசு ஒண்ணு தொறந்தா ஆறு பேருக்குப் போடணும். இல்லாட்டி மிச்சம் வீணாப் போகும். நீங்க ஒரு ஆள் தானே?"

"நாளைக்கு வரவா?"

"நாளைக்கு நாங்க வேற ஊர். இந்தப் பக்கம் எப்ப வருவோம் தெரியாது. மூணு மணி வரைக்கும் இருப்போம். அஞ்சு பேரைக் கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தேன். அப்பா தெருவின் மறுபக்கம் கூட்டிக்கொண்டிருந்தார். காலையிலேயே கூட்டிய தெரு. கூட்ட ஒன்றும் இல்லை. சும்மா கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாறு நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரியாததுக்கு இடம் கடைசி என்று தான் சொன்னது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

கைபேசியை எடுத்து, பொறுத்திருந்து பார்ப்போம் குழுவில் மூன்று பேரையும் ஒன்றாக அழைத்தேன். இரண்டு மாதமாக அவர்களுக்கு அறிவியல் பேசியவள் அன்று ஒரு வரி அறிவியல் பேசவில்லை. எங்கள் அப்பா ஒரு வருஷமாக வீட்டுக்கு வெளியே சாப்பிடுகிறார், எனக்கு ஊசி போட்டால் உள்ளே வருவார், ஆறு பேர் இருந்தால்தான் குப்பியைத் திறப்பார்கள், நான் தனியாக நிற்கிறேன் என்று சொன்னேன்.

முதலில் யாழ்ப்பாணத்துக்காரி பேசினாள். "காய்ச்சல் வந்தா?"

"எங்க வீட்டுல இரு. அம்மா கஞ்சி வைப்பாங்க."

"ஓம் எண்டா ஓம்தானே? பிறகு மாறக்கூடாது. வாறன், நில்லு."

பிலிமத்தலாவைக்காரி மெதுவாக, "உம்மா பக்கத்துல ஈக்கிறா" என்றாள். கைபேசி கை மாறியது. அவளுடைய உம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "ஒரு வருசமாவா அந்த மனுசன் வெளிய திண்டுக்கிட்டு ஈக்கிறாரு?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தப் பக்கம் திரும்பி, "புர்காவை எடுத்துப் போடு மகள். அந்த மனுசன் ஊட்டுக்குள்ள போய்த் தின்னட்டும். மத்ததெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்" என்ற சத்தம் கேட்டது.

கலகெதரைக்காரன், "எந்த நாட்டு ஊசி?" என்றான்.

"வந்து பாரு."

"அமெரிக்காவா?"

"டேய், வா!" என்று கத்தினேன். மண்டபத்துக்குள்ளிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எட்டிப் பார்த்தார். அவன் மோட்டார் சைக்கிளை உதைக்கும் சத்தம் கேட்டதும் வைத்துவிட்டேன்.

என்னோடு சேர்த்து நாலு பேர். இன்னும் இரண்டு. எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா வெறிச்சோடிய தெருவைப் பார்த்து நின்றார். காலையில் வைத்த சாமான்களை எல்லாம் உடையவர்கள் எடுத்துப்போய்விட்டார்கள். ஒன்று மட்டும் வெயிலில் கிடந்தது. அக்காவின் ஒற்றைச் செருப்பு.

அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். காலையில் ஆறாவது இடத்துக்குச் சண்டை பிடித்தவள், தன் முறை வந்ததும், அடுப்பில் சோறு இருக்கிறது என்று போனவள் திரும்பவே இல்லை. கதவைத் திறந்தவள், ஒரு காலில் சொந்தச் செருப்பும் மற்றக் காலில் புருஷன் செருப்புமாக நின்றாள்.

"தங்கச்சி, ஒங்க எடம் இன்னும் அங்கதான் கெடக்கு" என்றார் அப்பா. செருப்பை அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு ஊசின்னா மயக்கம் வருமுண்ணே" என்றாள். அந்தக் குரல் கட்டுகஸ்தோட்டைக்கு அல்ல, அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது.

"எனக்கும் பயந்தான்க்கா" என்றேன். இரண்டு மாதத்தில் நான் பேசிய முதல் உண்மை அது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "படிக்கிற புள்ளக்கும் பயமா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம் என் கையை விடவில்லை. அவள் பிடித்த பிடியில் ஊசி வலி ஒன்றும் பெரிதில்லை.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பிலிமத்தலாவை ஆட்டோ புகையோடு வந்து நின்றது. கலகெதரைக்காரன் முன்பே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்துக்காரி ஒரு பையில் படுக்கைத் துணி, பல்துலக்கி, போர்வை எல்லாம் கொண்டுவந்திருந்தாள்; காய்ச்சல் வருவது உறுதி என்ற தயாரிப்பு. எண்ணினோம். ஐந்து பேர். திரும்பத் திரும்ப எண்ணினோம், ஐந்தேதான். பட்டப்படிப்புப் படிக்கிற நாலு பேர் எண்ணியும் ஆறு வரவில்லை.

அக்கா ஆட்டோவைப் பார்த்தாள். ஓட்டுநர் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஊசி போட்டாச்சா?"

"நான் ஹயருக்கு வந்தவன் அக்கா."

"எறங்கு."

அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது. சீப்பு கையில் இருந்தபடியே அவர் இறங்கினார். நல்லவேளை, இன்னும் போட்டிருக்கவில்லை, நேரம் கிடைக்கவில்லையாம். தாதி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திறந்தார். நாங்கள் ஆறு பேரும் கை தட்டினோம். பரிசோதகர் மூன்று மணிக்குப் பூட்டவென்று எடுத்த திறப்பை மறுபடியும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கலகெதரைக்காரன் சட்டைக் கையைச் சுருட்டியபடி கடைசி முயற்சி செய்தான். "மிஸ், இது எந்த நாட்டு ஊசி?"

"கண்டியில போடுற ஊசி, மல்லி" என்றார் தாதி. அவன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் முடிந்துவிட்டது.

பிலிமத்தலாவைக்காரி தாதியின் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மிஸ், நீங்களும் போட்டதா?" என்றாள். இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்று அவர் இரண்டு விரலைக் காட்டினார். அவள் தானாகவே போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். அக்கா மயங்கவில்லை. ஓட்டுநர்தான் கொஞ்சம் தள்ளாடினார். அவரைக் கதிரையில் உட்காரவைத்து அக்கா முந்தானையால் விசிறிவிட்டாள். நான் கடைசி. ஊசி இறங்கியதே தெரியவில்லை. சன்னலுக்கு வெளியே விளக்குமாற்றின் சத்தம் நின்றுவிட்டதைத்தான் கவனித்தேன்.

அட்டையை ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். கையுறையைக் கழற்றி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். என் பெயரிலிருந்து அடியில் இருந்த கையெழுத்துவரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "வேலை முடிஞ்சு வாறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்டால், எல்லாவற்றையும் சமைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரிக்குக் காய்ச்சலே வரவில்லை. ஆனால் வாக்கு வாக்குதான் என்று கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்து, என் கட்டிலில் என் தலையணையோடு தூங்கிவிட்டாள். அப்பா குளித்து, பெட்டியில் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் நின்றார்.

ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது போக வேண்டும் என்பது என் வாய்வரை வந்தது. அம்மா அகப்பையோடு என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, எல்லாச் சன்னல்களையும் திறந்துவிட்டேன்.

அப்பா உள்ளே வந்தார். வந்தவர் நேராகக் கூரையைப் பார்த்தார். "இவ்வளவு ஒட்டடையா? நான் இல்லாட்டி இந்த வீட்டை யாரும் கூட்ட மாட்டீங்களா?" என்றார். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் குரல் சுவரில் பட்டுத் திரும்பியது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சுவரோரம் அவருடைய பழைய இடத்தில் பாயைப் போட்டிருந்தோம். உட்கார்ந்ததும், இடுப்பில் செருகியிருந்த இரசாயனவியல் கொப்பியை எடுத்து, பொலித்தீனைத் துடைத்து, அலுமாரிமேல் உயரமாக வைத்தார். அம்மா சுடுசோற்றை அள்ளி அவர் தட்டுக்குக் கொண்டுபோனாள். அவர் தட்டின்மேல் கையை விரித்து மூடிக்கொண்டார்.

"மொதல்ல அவளுக்குப் போடு" என்றார். "இன்னைக்குப் பூரா கடைசியில நின்னவ."